ஃப்ரெட்லெஸ் பேஸுக்கு எந்தக் கம்பி? – ஒரு தேய்ந்த பலகையின் கதை

போன வருஷம் கத்திரி வெயில் சமயத்தில் ஒரு நாள் மத்தியானம், என் பேஸ் கிட்டாரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் அதைக் கவனித்தேன். ஃபிங்கர்போர்டு மரத்தில், ஜி கம்பிக்கும் டி கம்பிக்கும் நேர் கீழே, மெல்லிசாக இரண்டு பள்ளங்கள். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்பட்டது. எட்டு மாசத்துக்கு முன்னால் வழவழவென்று இருந்த ரோஸ்வுட் பலகை. யாரும் கீழே போடவில்லை, எலி கடிக்கவில்லை. நானே ஆசை ஆசையாக வாசித்து, ஆசை ஆசையாக அறுத்திருக்கிறேன்!

ஃப்ரெட் உள்ள கிட்டாரில் தேய்ந்தால் ஃப்ரெட்டை மாற்றிவிடலாம். ஃப்ரெட் இல்லாததில் தேய்வது மரம். அதை இழைத்துச் சமன்படுத்தத்தான் முடியும், திரும்ப வளர்க்க முடியாது. ஒவ்வொரு முறை இழைக்கும்போதும் பலகை மெலிகிறது. என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்னால் வைத்திருந்த யாரோ ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்த இடைவெளிகளில் மரச் சீவலை ஒட்டி வைத்திருந்தார். இரண்டு, மூன்று தடவைக்கு மேல் இழைப்பு தாங்காது என்று அதைப் பார்த்துச் சரிசெய்தவர் சொல்லிவிட்டார். ஒன்று முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒரு வருஷம் கம்பிகளைப் பற்றிப் படித்தேன், மாற்றினேன், தப்பு செய்தேன், திரும்ப மாற்றினேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி வைக்கிறேன். பேஸ் வாசிக்காதவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு. ஏனென்றால் இந்தக் கதையில் வீணை வருகிறது, தம்புரா வருகிறது, சர் சி.வி. ராமன்கூட வருகிறார்.

முதலில், ஃப்ரெட்லெஸ் என்றால் என்ன?

சாதாரண கிட்டாரில் கழுத்துக்குக் குறுக்கே உலோகக் கட்டைகள் பதித்திருப்பார்கள். விரல் எங்கே அழுத்தினாலும் ஸ்வரம் அந்தக் கட்டையில் போய் நிற்கும். ஃப்ரெட்லெஸ்ஸில் அது கிடையாது. வயலின் மாதிரி வெறும் பலகை. விரல் எங்கேயோ அங்கேதான் ஸ்வரம்.

பேஸ் கிட்டார் உலகத்தில் இது கொஞ்சம் விபத்தாகவே ஆரம்பித்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பில் வைமன் 1961-ல் ஒரு மலிவான பேஸை வாங்கி, புது ஃப்ரெட் போடலாம் என்று பழசைப் பிடுங்கினார். அப்படியே வாசித்தால் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார். 1966-ல் ஆம்பெக் கம்பெனி ஃப்ரெட்லெஸ் பேஸைத் தயாரித்து விற்றது. 1970-ல் ஃபெண்டர். ஆனால் உலகம் முழுக்க அந்த ஓசையைக் காதில் போட்டவர் ஜாகோ பாஸ்டோரியஸ். 1976-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தைக் கேட்டால், பேஸ் கிட்டார் பாடுவது புரியும்.

நம்மூரில் இதைப் புதுசாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. கோட்டுவாத்தியம் என்கிற சித்ரவீணை இருக்கிறதே! மேளமே இல்லாத வீணை அது. இடது கையில் ஒரு கட்டையைப் பிடித்துக் கம்பி மேல் வழுக்கி வாசிப்பார்கள். கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார் முதல் அவருடைய பேரன் சித்ரவீணை ரவிகிரண் வரை அதில் கேட்கிற கமகம் எல்லாம் வழுக்கலில் பிறப்பதுதான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கம்பிக்குள் என்ன இருக்கிறது?

ஒரு கம்பியின் சுருதியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நீளம், இழுவிசை, எடை. பேஸில் நாலு கம்பிக்கும் நீளம் ஒன்றுதான், வழக்கமாக 34 அங்குலம், அதாவது சுமார் 864 மில்லிமீட்டர். மேலே ஜி கம்பி நொடிக்கு 98 முறை அதிர வேண்டும். கீழே ஈ கம்பி 41 முறைதான். இரண்டையும் ஒரே அளவு இறுக்கத்தில் வைக்க வேண்டுமானால், ஈ கம்பி ஜி கம்பியைப் போல ஏறக்குறைய 5.7 மடங்கு கனமாக இருக்க வேண்டும்.

கனம் வேண்டுமென்று ஒரே தடித்த ஸ்டீல் கம்பியைப் போட்டால் அது கம்பியாக இருக்காது, கடப்பாரையாக இருக்கும். விறைத்துப் போய், மேல் ஸ்வரங்கள் சுருதி விலகி ஒலிக்கும். அதனால்தான் நடுவில் மெல்லிய ஸ்டீல் கம்பி வைத்து, அதன் மேல் இன்னொரு கம்பியைச் சுருளாகச் சுற்றுகிறார்கள். எடை கூடும், விறைப்பு அந்த அளவுக்குக் கூடாது. வீணையிலும் இதே கணக்குதான்: சாரணியும் பஞ்சமமும் ஸ்டீல், கனமான மந்தரமும் அனுமந்தரமும் பித்தளையோ சுற்றுக்கம்பியோ.

வெளியே சுற்றுகிற கம்பி எந்த வடிவம் என்பதில்தான் நம் தலைவிதி இருக்கிறது.

ரவுண்ட்வவுண்ட்: சுற்றுக்கம்பி உருண்டை. மேலே தடவினால் வரி வரியாகத் தட்டுப்படும். ஓசை பளிச்சென்று, மேல் ஸ்வரங்கள் நிறைய. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் இன்னும் பளிச், இன்னும் சொரசொர. நிக்கல் பூசியது கொஞ்சம் மிருது.

ஃப்ளாட்வவுண்ட்: சுற்றுவது தட்டை நாடா. மேல்புறம் கண்ணாடி மாதிரி வழவழ. ஓசை கனமாக, இருட்டாக, விரல் சத்தம் இல்லாமல். 1951-ல் ஃபெண்டர் முதல் பேஸ் கிட்டாரை விற்க ஆரம்பித்தபோது அதில் இந்த வகைக் கம்பிதான். ரவுண்ட்வவுண்ட் பேஸ் கம்பி பிரபலமானதெல்லாம் 1960-களின் நடுவில், இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் மூலமாக.

ஹாஃப்ரவுண்ட்: உருண்டைக் கம்பியைச் சுற்றிவிட்டு மேல்புறத்தை அரைத்தோ அழுத்தியோ தட்டையாக்குவது. இரண்டுக்கும் நடுவில்.

டேப்வவுண்ட்: வெளியே நைலான் நாடா. பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். டபுள் பேஸ் வாடை வேண்டுமென்றால் இது. பொதுவாகத் தடிமன் அதிகம், அதனால் நட்டில் உள்ள காடியைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். ஒருமுறை பெரிதாக்கினால் திரும்பப் பழைய கம்பிக்குப் போவது கஷ்டம்.

"ம்வா" என்கிற சத்தமும் தம்புராவின் ஜீவாவும்

ஃப்ரெட்லெஸ் வாசிக்கிறவர்கள் எல்லோரும் தேடுவது ஒரு குறிப்பிட்ட ஓசையை. ஸ்வரம் தொடங்கும்போது மூடியிருந்து, பிறகு வாய் திறப்பது போல விரியும். ஆங்கிலத்தில் அதற்கு எழுத்தில் எழுதக்கூட வராத பெயர்: "ம்வா".

இதை முதலில் கேட்டபோது எனக்கு இது எங்கேயோ கேட்டதாக இருக்கிறதே என்று தோன்றியது. வீட்டிலேயேதான் கேட்டிருக்கிறேன். எங்கள் அத்தை வீணை வாசிப்பவர். திருத்தணி பக்கத்தில் கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டு முன்னறையில் அவருடைய வீணையும் ஒரு பழைய தம்புராவும் இருக்கின்றன. தம்புராவுக்குச் சுருதி சேர்த்த பிறகு, ஒவ்வொரு கம்பிக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு நூலைச் செருகி மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துவார். ஒரு இடத்தில் சட்டென்று கம்பி உயிர் பெற்று ரீங்கரிக்கும். அந்த நூலுக்குப் பெயரே ஜீவா. என்ன பொருத்தமான பெயர்!

இதன் விஞ்ஞானத்தை 1921-ல் சி.வி. ராமன் ஒரு சிறு கட்டுரையில் எழுதினார், நோபல் பரிசுக்கு ஒன்பது வருஷம் முன்னால். வழக்கமான விதி என்னவென்றால், கம்பியை ஒரு இடத்தில் மீட்டினால், அந்த இடத்தில் அசையாப் புள்ளி உள்ள மேல் ஸ்வரங்கள் ஒலிக்கக் கூடாது. தம்புராவிலும் வீணையிலும் அவை ஒலிக்கின்றன, அதுவும் பலமாக. காரணம், குதிரையின் மேற்பரப்பு கூர்மையான விளிம்பாக இல்லாமல் அகலமாக, லேசாக வளைந்து இருக்கிறது. அதிர்கிற கம்பி அந்த வளைவை உரசி உரசி விலகுகிறது. அந்த உரசலில்தான் மேல் ஸ்வரங்கள் பிறக்கின்றன.

இப்போது ஃப்ரெட்லெஸ்ஸுக்கு வாருங்கள். விரல் கம்பியை மரத்தில் அழுத்துகிறது. விரலுக்கு அடுத்த பக்கம் கம்பி பலகைக்கு மேல் மிக மிகச் சாய்வாகக் கிளம்புகிறது. அந்த இடத்தில் பலகையே ஒரு அகலமான குதிரை! கம்பி அதை உரசுகிறது. மேல் ஸ்வரங்கள் கொஞ்சம் தாமதித்து மலர்கின்றன. அதுதான் ம்வா. தம்புராக் குதிரையில் நடக்கிற அதே குடும்பத்துச் சமாச்சாரம், கம்பியின் மறுமுனையில் நடக்கிறது.

இது புரிந்தால் ஒரு முக்கியமான முடிவு தானாக வரும். ம்வா கம்பியில் மட்டும் இல்லை. கம்பிக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. எவ்வளவு விலை உயர்ந்த கம்பி போட்டாலும், கம்பி பலகையை விட்டு உயரத்தில் நின்றால் உரசல் இல்லை, ம்வா இல்லை. எனக்கு இது புரிய ஒரு செட் கம்பி வீணாகப் போனது. அதைச் சொல்கிறேன்.

முதல் தப்பு: ஜாகோ மாதிரி

ஜாகோ ரோட்டோசவுண்டின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட் கம்பிதான் போட்டார் என்று படித்தேன். உடனே நானும் ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட் போட்டேன். ஓசை பிரமாதம். கம்பி பாடியது. எட்டு மாசத்தில் பலகையில் பள்ளம்.

நான் படிக்காமல் விட்ட அடுத்த வரி: அவர் தன் பேஸின் பலகை மேல் படகுக்குப் பூசுகிற எபாக்ஸியைப் பூசியிருந்தார். அவருடைய ஸ்டீல் கம்பி தேய்த்தது கெட்டியான பிளாஸ்டிக்கை. என்னுடையது தேய்த்தது வெறும் மரத்தை. ரவுண்ட்வவுண்ட் கம்பி என்பது ஒரு நீளமான அரம் என்று நினைத்துக்கொண்டால் சரி.

பேஸ் இழைத்து வந்ததும் அத்தையிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"என் வீணையில கம்பி தேய்ச்சு மேளத்துல பள்ளம் விழுந்தா, மெழுகை எடுத்துட்டு மறுபடி மேளம் கட்டிக்கலாம். உன்னுதுல மரமே போகுதேடா."

"ஆமா அத்தை. அதான் கவலையா இருக்கு."

"சரி, எப்படி வாசிச்சே? வாசிச்சுக் காட்டு."

வாசித்தேன். தோடி காந்தாரத்தை அசைக்கிறேன் என்று கம்பியைக் குறுக்கே இழுத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"இது வீணை கை. வீணையில கீழ மேளம் இருக்கு, ஸ்வரம் நகராது, அதனால இழுக்கறோம். உனக்குத்தான் மேளமே இல்லையே, எதுக்கு இழுக்கறே? வழுக்கிட்டுப் போ. கோட்டுவாத்தியத்துல யாராவது கம்பியை இழுத்துப் பார்த்திருக்கியா?"

இது எந்த கிட்டார் வீடியோவிலும் எனக்குக் கிடைக்காத பாடம். பள்ளத்துக்குக் காரணம் கம்பி பாதி, என் கை பாதி. அரத்தை மரத்தில் வைத்து அழுத்திக் குறுக்கே தேய்த்துக்கொண்டிருந்தேன். சிறு வயதிலிருந்து வீணையைப் பார்த்து வளர்ந்த பழக்கம். ஃப்ரெட்லெஸ்ஸில் ஜாரு, கம்பிதம் எல்லாம் கம்பியின் நீளவாக்கில் விரலை நகர்த்தினாலே வந்துவிடும்.

இரண்டாவது தப்பு: தடி ஃப்ளாட்வவுண்ட்

பயத்தில் நேர் எதிர்த் திசைக்குப் போனேன். ஃப்ளாட்வவுண்ட்தான் இனிமேல் என்று முடிவு. அதிலும், மோட்டவுன் பாடல்களின் ஜேம்ஸ் ஜேமர்சன் தடித்த லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் போட்டு, வருஷக்கணக்கில் மாற்றாமலே வாசித்தார் என்கிற புகழ்பெற்ற விஷயம் மனசில். கே.ஜி.கண்டிகையில் பஸ் பிடித்துத் திருத்தணி, அங்கிருந்து அரக்கோணம் வழியாக ரயிலில் சென்னை. கிடைத்ததிலேயே தடித்த செட்டை வாங்கி வந்தேன். ஃப்ளாட்வவுண்ட் விலை பெரும்பாலும் ரவுண்ட்வவுண்டைப் போல இரண்டு மடங்கு. பிரித்த பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது தனிச் சோகம்.

போட்டேன். "தும்". அவ்வளவுதான். ஸ்வரம் பிறந்த இடத்திலேயே செத்தது.

சமையலறையிலிருந்து அத்தை குரல்: "யாருடா மிருதங்கத்துத் தொப்பியைத் தட்டறது?"

என்ன நடந்தது? சாதாரண பேஸ் கம்பி ஒவ்வொன்றும் சுமார் 16 முதல் 23 கிலோ இழுக்கிறது. நாலும் சேர்ந்தால் ஒரு பெரிய ஆளின் எடை. தடித்த ஃப்ளாட்வவுண்ட் அதற்கும் மேலே. அந்த இழுவையில் கிட்டார் கழுத்து வில் மாதிரி முன்னால் வளைந்தது. வளைந்ததும் கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி கூடியது. போதாததற்கு, விறைப்பான கம்பி வீச்சுக் குறைவாக அதிரும். உரசல் போச்சு, ம்வா போச்சு.

ஜேமர்சன் வாசித்தது ஃப்ரெட் உள்ள பேஸ். அவருக்குத் தேவை "தும்"தான். பாட்டின் அடியில் தூண் மாதிரி நிற்க வேண்டும். தூணுக்கு வேண்டிய கம்பியைப் போட்டுவிட்டு நான் பாட்டு எதிர்பார்த்தேன்.

சுருதி கேட்கிறதா?

இந்தச் சமயத்தில்தான் விஷயம் வீட்டை விட்டு வெளியே வந்தது. அத்தையும் அவருடைய தோழிகளும் சேர்ந்து பாடுகிற திருப்புகழ்க் குழு ஒன்று உண்டு. டிசம்பர் 31 ராத்திரி திருத்தணி மலையின் 365 படிகளுக்கும் பாடிக்கொண்டே ஏறுகிற படித் திருவிழா உங்களுக்குத் தெரிந்திருக்கும். இது அதற்கு முன்னால் வீட்டில் நடக்கிற ஒத்திகை. "நீயும் உட்காருடா, சுருதி மாதிரி அடியில வாசி" என்றார்.

அவர்கள் சுருதி 5 கட்டை. பேஸுக்கு அது வரப்பிரசாதம்: சும்மா விட்ட ஜி கம்பியே ஸட்ஜம், டி கம்பியே கீழ்ப் பஞ்சமம். உட்கார்ந்தேன். இருபது நிமிஷத்தில் இரண்டு பேர் சுருதி இறங்கிவிட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது, இறக்கியவன் நான்தான் என்று.

காரணம் யோசித்தால் எளிது. 41, 55 என்று அதிர்கிற அடி ஸ்வரத்தைச் சின்ன ஆம்ப் சரியாக வெளியிடாது. காது அந்த ஸ்வரத்தின் மேல் ஸ்வரங்களைக் கேட்டுத்தான் அடி ஸ்வரம் எது என்று ஊகிக்கிறது. மேல் ஸ்வரங்களே இல்லாத மந்தமான கம்பியில் காதுக்குப் பிடிமானம் இல்லை. நான் விரலை எங்கே வைக்கிறேன் என்று எனக்கே கேட்கவில்லை.

கணக்கு என்னவோ நமக்குச் சாதகம்தான். ஒரு அரை ஸ்வரத்தை 100 சென்ட் என்று பிரித்தால், பேஸில் நட்டுக்குப் பக்கத்தில் விரல் 1 மில்லிமீட்டர் தள்ளினால் பிழை 2 சென்ட்தான். பாதி நீளத்தில், அதாவது மேல் ஸ்தாயி தொடங்கும் இடத்தில், 4 சென்ட். வயலினில் ஆரம்பத்திலேயே 5 சென்ட்டுக்கு மேல். ஆக பேஸ் மன்னிக்கிற வாத்தியம். ஆனால் பிழை கேட்டால்தானே திருத்த முடியும்?

பளிச்சென்ற கம்பி நம் பிழையை ஊருக்கே காட்டும். மந்தமான கம்பி நமக்குக்கூடக் காட்டாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் வேண்டும்.

இப்போது போட்டிருப்பது

கடைசியில் வந்து சேர்ந்தது: இழுவை குறைந்த, மெல்லிய ஃப்ளாட்வவுண்ட். இந்த வகையில் ஆஸ்திரியாவின் தோமாஸ்டிக் கம்பி பேர் போனது. டடாரியோ குரோம்ஸ் இழுவை கூடுதல், ஆனால் ஃப்ளாட்வவுண்டுகளில் பளிச் ரகம். பிராண்டு பெயரை விட பாக்கெட்டில் உள்ள இரண்டு எண்களைப் பாருங்கள்: தடிமன், இழுவிசை. இழுவிசை பாக்கெட்டில் இல்லாவிட்டால் பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் தளத்தில் கொடுத்திருப்பார்கள்.

கம்பி மாற்றியதோடு நிற்கவில்லை. கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக் கழுத்தை ஏறக்குறைய நேராக்கினேன். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒரு நாள் காத்திருந்தேன். மரம் மெதுவாகத்தான் பதில் சொல்லும். சோதிக்கும் முறை: கம்பியை நட்டுக்குப் பக்கத்திலும் கழுத்து முடியும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் கம்பிக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு விசிட்டிங் கார்டு தடிமனுக்கும் குறைவாக இருக்க வேண்டும். அப்புறம் பிரிட்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒரு இடத்தில், அத்தை நூலை நகர்த்தும்போது தம்புராவுக்கு வருமே, அது மாதிரி, சட்டென்று கம்பி வாய் திறந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அன்றைக்குத்தான் புரிந்தது, தடிக் கம்பி செட்டைக்கூடக் கழுத்தைச் சரிசெய்யாமலே பழி சொல்லிவிட்டேன் என்று. அதிலும் கொஞ்சம் ஜீவன் இருந்திருக்கும்.

புது ஃப்ளாட்வவுண்ட் முதல் இரண்டு வாரம் கொஞ்சம் உலோக வாடை அடித்தது. பிறகு அடங்கி, இப்போது மனிதக் குரல் மாதிரி இருக்கிறது. ஸ்டீல் ரவுண்ட்வவுண்டின் அந்தப் பளபளப்பு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சில ராத்திரி அது ஞாபகம் வரும். ஆனால் வழுக்கும்போது "கிரீச்" இல்லை, மரத்தில் புதுக் கோடு இல்லை. சும்மா விட்ட கம்பிக்கும் அழுத்திய கம்பிக்கும் ஓசை வித்தியாசமும் குறைந்திருக்கிறது. சுருதி மாதிரி அடியில் வாசிக்க இது ரொம்ப முக்கியம்.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால்

1. முதலில் பலகையைப் பாருங்கள். வெறும் ரோஸ்வுட் என்றால் ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட் வேண்டாம். கருங்காலி கொஞ்சம் தாங்கும். எபாக்ஸி பூசியது என்றால் தைரியமாகப் போடலாம்.

2. பளிச் ஓசைதான் வேண்டும், பலகையும் பிழைக்க வேண்டும் என்றால் நிக்கல் ரவுண்ட்வவுண்ட் அல்லது ஹாஃப்ரவுண்ட். கூடவே, குறுக்கே இழுக்கிற பழக்கத்தை விடுங்கள்.

3. பழைய செட்டின் தடிமனை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இழுவை மாறினால் கழுத்து மாறும். கழுத்து மாறினால் எல்லாம் மாறும். புதுக் கம்பியைப் பற்றித் தீர்ப்பு சொல்வதற்கு முன் கழுத்தையும் உயரத்தையும் சரிசெய்யுங்கள்.

4. நாலு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றாமல், ஒவ்வொன்றாக மாற்றினால் கழுத்துக்கு அதிர்ச்சி குறைவு.

5. ஃப்ளாட்வவுண்டை நட்டுக்கு மேலே கூர்மையாக மடிக்காதீர்கள். தட்டை நாடா விரிந்துவிடும். கம்பியை வெட்டுவதாக இருந்தால், முதலில் வெட்டும் இடத்துக்கு முன்னால் ஒரு மடிப்பு மடித்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். இல்லாவிட்டால் சுற்று தளரும்.

6. வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள். தமிழ்நாட்டில் வெயில் சதமடிக்கிற ஊர்ப் பட்டியலில் திருத்தணி தவறாமல் வரும். அந்த வேர்வைக்கு ரவுண்ட்வவுண்டின் வரிகளில் உப்பும் அழுக்கும் சேர்ந்து சில வாரத்தில் கம்பி மந்தமாகிவிடும். ஃப்ளாட்வவுண்டில் அழுக்கு தங்க இடமே இல்லை, வருஷக்கணக்கில் உழைக்கும். அதைக் கணக்கில் எடுத்தால் இரட்டை விலை பெரிதில்லை.

7. கேளுங்கள். இளையராஜா பாடல்களில் சசிதரன், ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் – ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அப்புறம் ஒரு சித்ரவீணைக் கச்சேரி. உங்கள் காதுக்கு எந்த ஓசை வேண்டும் என்று தெரிந்த பிறகு கடைக்குப் போனால் பணம் மிச்சம்.

போன ஆடிக் கிருத்திகைக்கு மறுபடி அதே குழுவோடு உட்கார்ந்தேன். காவடி போகிற சத்தம் தெருவில், உள்ளே பத்துப் பதினைந்து பேர். ஒரு மணி நேரம். யாரும் சுருதி இறங்கவில்லை. முடிந்ததும் அத்தை ஒன்றும் பாராட்டவில்லை. வீணையை உறையில் போட்டுக்கொண்டே கேட்டார்:

"இன்னிக்கு என்ன கம்பி?"

"அதே கம்பிதான் அத்தை. மூணு மாசமா மாத்தலை."

"மாத்தாதே. கார்வை நிக்குது."

பலகையை இப்போதும் மாசம் ஒரு தடவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன். இதுவரை வழவழவென்றுதான் இருக்கிறது.